மஞ்சணாற்றில் எழுந்த நாற்காலிகள்

பூவரசடியில் ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, மேலத்தெருக் குழாயில் பிடித்த தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அதில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க மருந்துச் சொட்டு விடப்போன செண்பகவடிவு, குப்பியின் உள்பக்கம் ஒட்டியிருந்த தூசியைத் துடைக்கலாம் என்று சுட்டுவிரலைத் தண்ணீருக்குள் விட்டபோது, அடியிலிருந்து ஒரு சிவப்பு நாற்காலி மேலே வந்தது.

கடுகைவிடக் கொஞ்சம் பெரிய நாற்காலி. கல்யாண மண்டபங்களில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்களே, அந்த மாதிரி. நாலு காலும் இரண்டு கையும், முதுகில் காற்றுப் போவதற்கு விட்ட நீளத் துவாரங்களும் அச்சு அசலாக இருந்தன. அதன் பின்னாலேயே ஒரு நீலச் சீப்பும், பால் பாக்கெட்டின் கிழிந்த மூலையும், குழந்தை வாயில் வைக்கிற நிப்பிளும், இன்னும் இரண்டு சிவப்பு நாற்காலிகளும் வந்து விரலைச் சுற்றி மிதந்தன. வடிவு விரலை எடுத்தாள். அவை அப்படியே மிதந்தன. அவள் இன்னொரு குப்பியில் தண்ணீர் பிடித்து, அதில் மருந்துச் சொட்டு விட்டு, மஞ்சள் நிறம் வந்ததைப் பார்த்து, பரிசோதனைப் படிவத்தில் குளோரின் சரியாக இருக்கிறது என்று எழுதினாள். படிவத்தில் நாற்காலிக்குக் கட்டம் இல்லை.

குடத்தோடு நின்றிருந்த சந்தனமாரி எட்டிப் பார்த்துவிட்டு, அதெல்லாம் வெளியே வந்து முடியும்வரை காத்திருக்க வேண்டுமா அல்லது இப்போதே குடத்தை வைக்கலாமா என்று கேட்டாள். பிறகு இன்னும் குனிந்து பார்த்து, அந்த நீலச் சீப்பு தன்னுடையது என்றாள். மூன்றாவது பல் போய், ஐந்தாவது பல் பாதியாய் இருந்ததை வைத்து அடையாளம் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் குளிக்கும்போது விட்டது, எங்கேயோ பாறையில் உரசி உரசிக் கரைந்துபோய், இன்றைக்குத் தன் தெருக் குழாய்க்கே வந்து சேர்ந்திருக்கிறது.

செண்பகவடிவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பூவரசடிப் பேரூராட்சியில் தண்ணீர் பரிசோதிக்கிற வேலையில் ஆறு வருஷமாக இருந்தாள். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை, நீல மூடி போட்ட பரிசோதனைப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணற்றிலிருந்து கடைசித் தெருக் குழாய்வரை பதினாலு இடத்தில் தண்ணீர் எடுத்து, உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு, குளோரின் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பாள். புருஷன் சுடலைமுத்து மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன், அதிகம் பேசாதவன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவள் நடந்ததைச் சொல்லி, அவன் முன்னால் இருந்த செம்பில் விரலை விட்டுக் காட்டினாள். அவன் செம்பைக் கையில் எடுத்து, மேலே வந்த பொருட்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்து, இத்தனை நாளும் இதையெல்லாம் சேர்த்தா குடித்தோம் என்று மட்டும் கேட்டான். கேட்டுவிட்டு, செம்பைக் கீழே வைத்தான்.

அந்த வாரம் முழுக்க ஊர், குடமும் செம்புமாக வடிவின் வீட்டு வாசலில் நின்றது. வடிவு விரல் வைத்த தண்ணீரில், கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் தன் தன் இனத்தோடு சேர்ந்து, எதிலிருந்து உடைந்தனவோ அதுவாகவே மாறி மேலே வந்தன. ஓய்வுபெற்ற தபால்காரர் தன் குடைப்பிடியைக் கண்டுபிடித்தார். சலவைக்காரர் வீட்டுக் குடத்தில் ஊரில் யார் யார் நைலான் சேலை கட்டுகிறார்கள் என்பது நூல் நூலாகத் தெரிந்தது. கிழக்குத்தெருவில் ஒருத்தி, தன் வீட்டுப் பானையில் தன்னுடையதல்லாத ஒரு ரோஜா நிற வளையல் எழுந்ததைப் பார்த்துப் புருஷனோடு இரண்டு நாள் பேசாமல் இருந்து, அதே வளையல் எதிர்வீட்டுப் பானையிலும் பக்கத்து வீட்டுப் பானையிலும் எழுந்தபிறகு பேசினாள். டீக்கடைக்காரர் பாய்லருக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டாம், வியாபாரம் போய்விடும் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். ஆனால் மறுநாள் காலையில் கடை திறப்பதற்கு முன்பே ஒரு தூக்குவாளியில் தண்ணீரோடு வந்து நின்றார்.

இரண்டாவது வாரம் அது எல்லோருக்கும் பழகிப்போயிற்று. எழுந்ததைத் துணியால் வடித்து எடுத்துவிட்டால் மீதித் தண்ணீர் சுத்தம் என்பதைச் சுடலைமுத்து சொல்லிக் கொடுத்தான். அதிலிருந்து ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வருவதை விட்டுவிட்டு, குடிதண்ணீருக்கே வரத் தொடங்கினார்கள். பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்கு ஒரு குடம், டயாலிசிஸ் செய்கிற அப்பாவுக்கு ஒரு குடம், பால்வாடிக்கு நாலு குடம் என்று வரிசை வாசல் தாண்டி, பிள்ளையார் கோயில் தாண்டி, பஸ் நிறுத்தம்வரை போயிற்று. வடிவு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குடத்துக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல்கள் ஊறி வெளுத்துச் சுருங்கின. பத்தாம் நாள் வலதுகைத் தோல் உரிந்தது. இடதுகையை விட்டாள். பூவரசடியில் ஒன்பதாயிரம் பேர் இருந்தார்கள். அவளுக்குக் கை இரண்டுதான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள், மாவட்டத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ரஹ்மத் நிஷா வந்தாள். முப்பது வயது, வேதியியல் படித்தவள், எதையும் இரண்டு முறை அளந்து பார்த்தபிறகே நம்புகிறவள். வடிவின் விரலுக்கு எழுந்தவற்றை அவள் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை, எண்ணிப் பார்த்தாள். பிறகு, கண்ணாடிப் பாட்டிலில் மட்டும்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், அதையும் மூன்று முறை கழுவ வேண்டும், பிடிக்கிற அன்றைக்கு வடிவக்கா பாலியெஸ்டர் சேலை கட்டக்கூடாது, அதன் நூலே தண்ணீரில் விழுந்து கணக்கைக் கெடுத்துவிடும் என்று சொன்னாள். வடிவிடம் பருத்திச் சேலை ஒன்றுதான் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு, பதினாலு இடத்திலும் பதினாலு பாட்டில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்து நிஷாவின் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

அங்கே நிஷா ஒவ்வொரு பாட்டில் தண்ணீரையும் முடியைவிட நுண்ணிய துளைகள் உள்ள வட்டத் தாளில் வடித்து, அந்தத் தாளில் ஒரு சாயத்தைச் சொட்டி, இருட்டு அறையில் நீல வெளிச்சத்துக்குக் கீழே வைத்து, ஆரஞ்சு நிறக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். வடிவையும் பார்க்கச் சொன்னாள். தாள் முழுக்க, கார்த்திகைக்கு விளக்கேற்றிய தெருவை மலைமேல் நின்று பார்ப்பதுபோல, புள்ளி புள்ளியாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டருக்கு நானூற்றுப் பன்னிரண்டு துணுக்குகள் என்று நிஷா எண்ணி முடித்தாள். அதில் முந்நூறுக்கு மேல் ஒரே சிவப்பு, ஒரே வகைப் பிளாஸ்டிக்.

“கையால பாத்தாலும் மிஷின்ல பாத்தாலும் ஒண்ணுதான் வருது வடிவக்கா,” என்றாள் நிஷா. “ஆத்துல மேல எங்கயோ ஒருத்தர் நாற்காலியா அரைச்சுக்கிட்டிருக்காரு.”

அறிக்கைப் படிவத்தில் பிளாஸ்டிக்குக்குக் கட்டமும் கிடையாது, இவ்வளவுதான் இருக்கலாம் என்ற வரம்பும் கிடையாது. நிஷா ஸ்கேலை எடுத்து, கடைசிக் கட்டத்துக்குக் கீழே பேனாவால் இன்னொரு கட்டம் கோடு போட்டு, அதில் 412 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று வடிவு விசாரித்ததற்கு, தண்ணீரில் இருப்பதைத்தானே எழுதினேன் என்று சொல்வேன் என்றாள்.

வடிவு திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் மேலே நாற்காலி அரைப்பது யார் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூவரசடிக்குப் பதினோரு கிலோமீட்டர் மேலே, தோப்பூரில், மஞ்சணாற்றங்கரையில் இருந்த பிளாஸ்டிக் அரவை மில்லுக்குத் திறப்புவிழா அன்றைக்குக் குத்துவிளக்கு ஏற்றியவளே அவள்தான். அது அவள் அண்ணன் நெல்லையப்பனின் மில்.

அப்பா போனபோது வடிவுக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பத்தொன்பது. அவன் படிப்பை விட்டுவிட்டு, சைக்கிளின் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பழைய சாமான் எடுத்தான். உடைந்த வாளி, ஓட்டைக் குடம், கால் போன நாற்காலி என்று அவன் எடுத்து வந்ததில்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள், பெரியவளானாள், தாலி கட்டிக்கொண்டாள். யாரும் வேண்டாம் என்று எறிவதை எடுத்து மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவருகிறவன் என்று அவனைப் பற்றி அவளுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை நியாயமானதும்கூட. மில்லில் அறுபது பேருக்கு வேலை இருந்தது. அதில் நாற்பது பேர் பெண்கள், வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லாதவர்கள்.

மூன்று நாள் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. குடங்களுக்குள் கை விட்டாள், எடுத்தாள். சிவப்பு நாற்காலிகள் எழுந்துகொண்டே இருந்தன. நாலாம் நாள் சந்தனமாரியின் மகள் பெற்ற பிள்ளைக்கு முதன்முதலில் தண்ணீர் காட்ட, ஒரு சங்கு கொள்ளுகிற அளவு தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வடிவு சுண்டுவிரலை நுனி மட்டும் வைத்தாள். அந்தச் சங்குத் தண்ணீரிலும் ஒரு நாற்காலி வந்தது. நெல்லின் உமி அளவுகூட இல்லை. ஆனால் நாலு காலும் இருந்தன. அவள் சங்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு உள்ளே போய்ப் புருஷனிடம், அது யாருடைய மில் என்று சொன்னாள்.

சுடலைமுத்து கையிலிருந்த தாமிரக் கம்பியைக் கீழே வைத்தான். அவனுக்கு இது முன்பே தெரிந்திருந்தது என்பது அவன் முகத்திலேயே இருந்தது. உன் வாயால் வரட்டும் என்றுதான் சும்மா இருந்தேன் என்றான்.

“நீ சொல்லலன்னா என்ன ஆவும்? நீ விரல் வைக்கிற எடத்துல எல்லாம் அதுவே வந்து சொல்லிரும். உங்க அண்ணனுக்கு அத ஊரு சொல்லுததவிட நீ சொல்லுததுதான் மரியாதை.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வடிவு அந்த ஒற்றைப் பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். உறைகிணற்றில் தொடங்கி மேலே, கரையோடு நடந்து, அரை மைலுக்கு ஒருதரம் இறங்கித் தண்ணீரைத் தொட்டாள். நிஷா ஒவ்வொரு இடத்திலும் பாட்டிலில் பிடித்து எண் எழுதிக்கொண்டு கூட வந்தாள். அவர்களுக்குப் பின்னால் சந்தனமாரி வந்தாள், அவளுக்குப் பின்னால் தபால்காரர் வந்தார், டீக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார், அவர்களுக்குப் பின்னால் தெருத் தெருவாகப் பூவரசடி வந்தது. முதல் துறையில் எழுந்த நாற்காலிகள் கடுகாக இருந்தன, வண்ணாந்துறையில் புளியங்கொட்டையாக இருந்தன, கல்பாலத்தில் கொலுவில் வைக்கிற அளவு இருந்தன, ஐயனார் தோப்பில் ஒரு குழந்தை தன் பொம்மையை உட்கார வைக்கிற அளவு ஆகிவிட்டன. மேலே போகப்போக நாற்காலி வளர்ந்தது.

மில் தெரிந்ததும் சிலர் அங்கேயே நின்று சத்தம் போட வேண்டும் என்றார்கள். நிஷா கூடாது என்றாள். முதலில் மில்லைத் தாண்டி மேலே போய் அங்கே தண்ணீர் எப்படி இருக்கிறதென்று பார்த்தால்தான், கீழே இருப்பது எங்கிருந்து வந்தது என்று நியாயமாகச் சொல்ல முடியும் என்றாள். அத்தனை பேரும் அதற்குக் கட்டுப்பட்டு மில்லைக் கடந்து, யானைப்பாறை மடுவுக்குப் போனார்கள். வடிவு அங்கே இரண்டு கையையும் முழங்கைவரை விட்டாள். பழைய டூத் பிரஷ் ஒன்று வந்தது. வெகுநேரம் வைத்திருந்தாள். வேறெதுவும் வரவில்லை. நிஷா பாட்டிலில் பிடித்து, எண் எழுதி, இப்போது போகலாம் என்றாள்.

நெல்லையப்பன் வெள்ளை வேட்டியும் பனியனுமாகக் கரையில் நின்றிருந்தார். ஐம்பத்துநாலு வயதுக்கு வாட்டசாட்டமான ஆள். பின்னால் மில் ஓடிக்கொண்டிருந்தது. அரைத்த பிளாஸ்டிக்கைக் கழுவிய தண்ணீர் சிமெண்ட் வாய்க்கால் வழியாக ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. பார்வைக்குப் பன்னீர்போல இருந்தது.

“ஏட்டி வடிவு,” என்றார் அவர். “இத்தன பேரக் கூட்டிக்கிட்டு என் வாசலுக்கா வந்தே?”

“வாசலுக்கு வரலண்ணே. ஆத்துக்கு வந்தேன்.”

அவர் வாய்க்காலைக் காட்டினார். பரிசோதிக்கிறவர்கள் பலமுறை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், நாற்றம் கிடையாது, நிறம் கிடையாது, ஒரு மீன்கூடச் செத்தது கிடையாது என்றார். அது உண்மைதான். வடிவும் அதை மறுக்கவில்லை. தன் ஏழு வயதிலிருந்து இந்த ஆளிடம் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. ஆனாலும் கேட்டாள்.

“கண்ணுக்குப் பன்னீருதாண்ணே. நான் கைய விட்டுப் பாக்கட்டா?”

அண்ணன் அவள் கையைப் பார்த்தார். தோல் உரிந்து, வெளுத்து, கட்டை விரல் வெடித்திருந்த கை. அவருக்கு முகம் மாறியது.

“பாரு,” என்றார்.

வடிவு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாய்க்கால் விழுகிற இடத்துக்குக் கீழே, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் விரித்துத் தண்ணீருக்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆற்றின் அடியில் மணல் புரளுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் வலதுபக்கத்தில் ஒரு சிவப்பு நாற்காலி, முழு நாற்காலி, ஆள் உட்காருகிற நாற்காலி, தண்ணீர் வடிய வடிய எழுந்து ஆற்றின்மேல் நின்றது. இடதுபக்கத்தில் இன்னொன்று நின்றது. அவற்றின் பின்னால் பத்து எழுந்தன, பத்தின் பின்னால் ஐம்பது எழுந்தன. வரிசை வரிசையாக, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு பக்கமும் பெண் வீட்டாருக்கு ஒரு பக்கமும் போட்டு நடுவில் வழி விட்டதுபோல, வளைவில் ஆறு மறைகிறவரைக்கும் சிவப்பு நாற்காலிகள் எழுந்து நின்றன. வெயில் அவற்றின்மேல் பட்டு இரு கரையும் குங்குமமாயிற்று. தண்ணீர் அவற்றின் கால்களுக்குக் கீழே ஓடிக்கொண்டே இருந்தது. கரையில் எண்ணூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நெல்லையப்பன் வேட்டியோடு ஆற்றில் இறங்கினார். முதல் வரிசையில் ஒரு நாற்காலியின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு மண்டபத்தின் பெயர் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. அடுத்ததைத் திருப்பினார். ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர். அடுத்தது, கை ஒடிந்து, கம்பி வைத்துக் கட்டிய தடம் பதிந்தது. அந்தக் கம்பியை அறுத்து எடுத்துவிட்டு, நாற்காலியை அரவையில் போட்டது அவரே. அவர் எல்லாவற்றையும் அடையாளம் கண்டுகொண்டார். பழைய சாமான் எடுக்கிறவனுக்கு ஒருமுறை கைபட்ட பொருள் மறக்காது.

“எல்லாம் நான் அரைச்சதுதான்,” என்றார். யாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லவில்லை. ஆனால் கரையோரத்தில் நின்றவர்களுக்கு மில் சத்தத்தை மீறிக் கேட்டது, வாய்க்கு வாய் கடைசி ஆள்வரை போயிற்று. “நான் எல்லாத்தயும் திரும்பக் கொண்டாந்துட்டேன்னுல்லா நெனச்சேன். இம்புட்டையும் ஆத்துலயா விட்டேன்?”

அவர் அந்தக் கை ஒடிந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவர் எடையைத் தாங்கியது. ஆறு முழங்காலுக்குக் கீழே ஓட, கம்பி பதிந்த தடத்தை விரலால் தடவினார். பிறகு எழுந்து, யாரையும் ஏவாமல் தானே கரையேறிப் போய், மில்லின் மெயின் சுவிட்சை இறக்கினார். பதினெட்டு வருஷமாகப் பகலில் ஓய்ந்திராத அந்தச் சத்தம் நின்றதும், ஜனங்களுக்கு ஆற்றின் சத்தம் கேட்டது. நாங்கள் இத்தனை நாளும் இந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை என்று தோப்பூர்க்காரர்கள் பிறகு சொன்னார்கள்.

மில்லுக்குள்ளிருந்து வேலைக்காரப் பெண்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் மூத்தவளான முத்துப்பேச்சி வாய்க்கால் கரையில் நின்று, நாளைக்கு நாங்கள் எங்கே போவது என்று வடிவைப் பார்த்துக் கேட்டாள். அதில் கோபம் இல்லை. பதில் வேண்டும் என்று கேட்டாள்.

“மில்ல மூடச் சொல்லி வரலக்கா,” என்றாள் வடிவு தண்ணீரில் நின்றபடி. “கழுவுத தண்ணி ஆத்துக்கு வரக்கூடாது. அம்புட்டுதான் கேக்கேன். அதுக்கு ஒரு வழி இருக்கான்னு பாத்துட்டுத்தான் இங்கேர்ந்து போவேன்.”

வழி இருந்தது. அதை நிஷா காகிதத்தில் வரைந்தாள், சுடலைமுத்து மோட்டாருக்குப் பொறுப்பெடுத்தான். கழுவிய தண்ணீர் ஒரு தொட்டியில் தேங்கித் தெளிந்து, அடுத்த தொட்டியில் மணலில் வடிந்து, மூன்றாவது தொட்டியில் மாவைவிட நைசான துணியில் வடிந்து, மறுபடி கழுவுவதற்கே திரும்பி வரவேண்டும். ஆற்றுக்கு ஒரு சொட்டு போகக்கூடாது. துணியில் தங்குகிற சிவப்பு மாவை அள்ளி உருக்கி மறுபடி பலகையாக்கலாம் என்று நெல்லையப்பன் தானே சொன்னார். குழி வெட்ட ஊர் வந்தது. முத்துப்பேச்சியும் மற்ற முப்பத்தொன்பது பேரும் கல் சுமந்தார்கள், பூவரசடிக்காரர்கள் மணல் சலித்தார்கள், டீக்கடைக்காரர் பாய்லரைத் தோப்பூருக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஆற்றில் நின்ற நாற்காலிகளை குழி வெட்டிய ஒரு வாரமும் ஜனங்கள் தலையில் வைத்துச் சுமந்தார்கள். அவை உடையவும் இல்லை, கரையவும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டிருந்த கர்ப்பிணிகளுக்கும், ரேஷன் கடை வரிசைக்கும், உட்கார ஒன்றுமில்லாத பதினேழு பள்ளிக்கூடங்களுக்கும் போனபிறகும் மிச்சம் இருந்தது. ஒரு பத்திரிகை ஆறாம் பக்கத்தின் கீழே, மஞ்சணாற்றில் வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட நாற்காலிகள் மீட்பு என்று நாலு வரி போட்டது. அந்த ஆடியில் வெள்ளமே வரவில்லை என்று திருத்தம் கேட்டு தபால்காரர் கடிதம் எழுதினார்; அதற்குப் பதில் வரவில்லை.

தை மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை, நிஷா மறுபடி பதினாலு பாட்டில்களையும் வடித்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் ஆட்டோ பிடித்து வந்தாள். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே ஊர் கூடியிருந்தது. அவள் கையில் இருந்த அறிக்கையில் பிளாஸ்டிக் துணுக்குகள் என்று அச்சடித்த கட்டம் இருந்தது; அவள் ஸ்கேலால் போட்ட கோட்டை மேலே இருந்தவர்கள் ஏற்றுக்கொண்டு, மாவட்டம் முழுவதற்கும் புதுப் படிவம் அடித்துவிட்டார்கள். அந்தக் கட்டத்தில் ஒன்பது என்று இருந்தது.

கூட்டத்தில் ஒருவர், அது ஏன் சைபர் இல்லை என்று கேட்டார். சைபர் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் இல்லாததை எழுதமாட்டேன் என்றாள் நிஷா. அப்படியானால் அந்த ஒன்பதும் என்ன என்று பார்த்துவிடலாம் என்று வடிவு ஒரு அகலமான வெண்கல உருளியில் குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டர் பிடிக்கச் சொல்லி, விரலை வைத்தாள். அவள் கை ஆறியிருந்தது, புதுத்தோல் வந்திருந்தது.

எல்லோரும் குனிந்தார்கள். சிவப்பு வரவில்லை. வெகுநேரம் கழித்து, நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது பொருட்கள் வந்தன. ஷாம்பு பாக்கெட் வந்தது. அதை நான்தான் வாய்க்காலில் எறிந்தேன் என்று ஒரு கல்லூரிப் பெண் கையைத் தூக்கினாள். பூச்சிமருந்துக் குப்பியின் மூடி வந்தது. ஒரு விவசாயி தொண்டையைச் செருமிக்கொண்டு, அது தன்னுடைய வயலிலிருந்து என்றார். கோயில் கொடைத் திருவிழாவில் கட்டிய தோரணத்தின் பச்சைத் துண்டு வந்தது. கொடைக் கமிட்டியார் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஐந்து பேருமே கையைத் தூக்கினார்கள். நைலான் சேலை நூல் வந்தது, வாளியின் பிடி வந்தது, பேனா மூடி வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை எழுந்தது, ஒவ்வொரு கைக்கும் கூட்டம் சிரித்தது, சிரிப்பு பெரிதாகிக்கொண்டே போயிற்று. ஒன்பதாவதாக ஒரு மஞ்சள் ஒயர் உறை வந்தபோது சுடலைமுத்து தலையைச் சொறிந்துகொண்டே கையைத் தூக்கினான். வடிவு அவனைப் பார்த்தாள். அவள் கல்யாணமான இருபது வருஷத்தில் அவன் ஊருக்கு முன்னால் வெட்கப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

நானூற்றுப் பன்னிரண்டில் யாருக்கும் தன் முகம் தெரியவில்லை. ஒன்பதில் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. ஒன்பதுக்கும் ஆள் இருந்ததால், ஒன்பதையும் குறைக்க வழி இருந்தது. பேரூராட்சியின் மோட்டார் ஆபரேட்டர் வால்வைத் திறந்தார். எல்லாத் தெருவிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தது. சந்தனமாரி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயில் கையை ஏந்தி, தான் ஒரு வாய் குடித்து, அவன் உதட்டை நனைத்தாள். அவன் இன்னும் வேண்டும் என்று நாக்கை நீட்டினான்.

கூட்டம் கலைவதற்கு முன்பே வேறொரு ஊரிலிருந்து வந்த நாலு பெண்கள் வடிவின் முன்னால் வந்து நின்றார்கள். கிழக்கே கடல் பக்கம், இரண்டு பஸ் மாறி வர வேண்டிய ஊர். ஆளுக்கு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தார்கள். கேள்விப்பட்டதால் நாலு பேருமே பருத்திச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, எங்கள் ஊர்த் தண்ணீரையும் தொட்டுப் பார்ப்பீர்களா என்று கேட்டாள்.

வடிவு பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டில் தண்ணீரை இங்கே தொடுவதைவிட, அது வருகிற இடத்துக்கே போய்த் தொடலாம் என்றாள். அந்த நேரத்துக்கு அவ்வளவு தூரத்துக்குப் பஸ் இல்லையே என்று அவர்கள் தயங்கியபோது, தொட்டியின் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த நெல்லையப்பன் தன் மினி லாரியின் சாவியை எடுத்தார்.

“ஏட்டி, முன்னாடி ஏறு,” என்றார். “நிஷாம்மாவையும் கூப்புடு. பாட்டிலெல்லாம் எடுத்துக்கிடுங்க. ஆளு யாருன்னு தெரிஞ்சா நான் பேசுதேன். என் பேச்ச அவன் கேப்பான்.”

வடிவு ஏறினாள். நிஷா பாட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். பின்னால் நாலு பெண்களும், அவர்களுக்கு வழி சொல்கிறேன் என்று தபால்காரரும், வழியில் டீ வேண்டியிருக்கும் என்று டீக்கடைக்காரரும் ஏறினார்கள். லாரி ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, முழு வெயிலில், கிழக்கே திரும்பியது.